முதலில் வாக்கெடுப்பா, முதலில் பதவியேற்பா? அறுதிப் பெரும்பான்மை இல்லாத அவையில் அரசு அமைக்கும் நான்கு வழிகள்

நாடாளுமன்ற ஆட்சிமுறையில் வாக்காளர்கள் பிரதமரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த உறுப்பினர்களுள் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெற்றவர் அரசுக்குத் தலைமை ஏற்கிறார். ஒரே கட்சியோ, தேர்தலுக்கு முன்பே சேர்ந்து நின்ற கூட்டணியோ பாதிக்கு மேற்பட்ட இடங்களை வென்றுவிட்டால் இந்த இரண்டு படிகளும் ஒன்றாகவே தோன்றும். முடிவு வெளியான இரவிலேயே யார் பிரதமர் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காதபோதுதான், அதுவரை கண்ணில் படாத விதிகள் முன்னுக்கு வருகின்றன: யாரை முதலில் அழைப்பது, அழைப்பவர் யார், எத்தனை நாள் அவகாசம் தருவது, அழைக்கப்பட்டவர் தம் பலத்தைப் பதவியேற்பதற்கு முன்பே காட்ட வேண்டுமா அல்லது பின்னர் காட்டினால் போதுமா?

இந்தக் கேள்விகளுக்கு நாடுகள் கண்டிருக்கும் விடைகளை நான்கு வகைகளில் அடக்கலாம். நாட்டுத் தலைவரின், அதாவது குடியரசுத் தலைவர், மன்னர் அல்லது ஆளுநரின் மதிப்பீட்டுக்கு விட்டுவிடுவது முதல் வகை. எழுதிவைத்த வரிசைப்படி ஒவ்வொரு கட்சியாக அழைப்பது இரண்டாவது. அவையே வாக்களித்துப் பிரதமரைத் தேர்ந்தெடுத்த பிறகு பதவியேற்பு நடத்துவது மூன்றாவது. அவையின் பெரும்பான்மை வெளிப்படையாக எதிர்க்காத வரையில் ஒருவர் அரசு அமைக்கலாம் என்பது நான்காவது. புதிதாக அரசியல் சாசனம் எழுதும் நாடோ, இருப்பதைத் திருத்த நினைக்கும் நாடோ இவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவற்றை ஒப்பிட நான் முதன்மையாகக் கொள்ளும் அளவுகோல், பதவியேற்புக்கும் வாக்கெடுப்புக்கும் இடையில் எத்தனை நாட்கள் கழிகின்றன, அந்த நாட்களில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதாகும். நிலையான அரசு, விரைவான முடிவு, மக்கள் தீர்ப்புக்கு நெருக்கமான விளைவு என வேறு அளவுகோல்களும் உண்டு; அவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பெரும்பான்மை இருக்கிறதா என்று தெரியாத ஒருவரிடம் காவல்துறை, நிர்வாகம், கருவூலம் ஆகியவற்றை ஒப்படைத்துவிட்டு, பிறகு பெரும்பான்மையைத் திரட்டிக்கொண்டு வரச் சொல்வது, அந்தப் பெரும்பான்மையை அதிகாரத்தைக் கொண்டே உருவாக்கிக்கொள்ள இடம் கொடுப்பதாகும். இந்த ஒரு குறையைத் தாங்கிக்கொண்டு மற்ற நன்மைகளைப் பெறுவது எளிதல்ல.

நாட்டுத் தலைவரின் மதிப்பீடு

வெஸ்ட்மின்ஸ்டர் மரபை, அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்ற மரபைப் பின்பற்றும் பெரும்பாலான நாடுகளில் இதுவே நடைமுறை. இந்திய அரசியலமைப்பின் 75-ஆவது பிரிவு பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று மட்டும் சொல்கிறது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்று அதே பிரிவு பின்னர் சேர்க்கிறது. மாநிலங்களுக்கு 164-ஆவது பிரிவு இதேபோல் அமைந்திருக்கிறது. மலேசியாவின் 43-ஆவது பிரிவும், இலங்கை அரசியலமைப்பின் 19-ஆவது திருத்தத்துக்குப் பிந்தைய 42-ஆவது பிரிவும் ஒரு படி மேலே சென்று, அவையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று நாட்டுத் தலைவர் கருதுபவரை நியமிக்கச் சொல்கின்றன. "கருதுபவர்" என்ற அந்த இடத்தில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

இம்முறைக்கு ஒரு உண்மையான நன்மை உண்டு: வளைந்துகொடுக்கும். நியூசிலாந்தில் 2017 செப்டம்பர் தேர்தலில் 120 இடங்களில் தேசியக் கட்சிக்கு 56, தொழிற்கட்சிக்கு 46 கிடைத்தன. நியூசிலாந்து முதலில் என்ற கட்சியின் 9 உறுப்பினர்களும் பசுமைக் கட்சியின் 8 உறுப்பினர்களும் தொழிற்கட்சியின் பக்கம் சேர்ந்ததால் ஜசிந்தா ஆர்டன் பிரதமரானார். தலைமை ஆளுநர் எவரையும் முந்திக்கொண்டு அழைக்கவில்லை. கட்சிகள் பேசி முடித்து, தத்தம் நிலையை நாட்டுக்கு அறிவிக்கும்வரை காத்திருந்தார். நாட்டுத் தலைவர் தாமே கணக்குப் போடாமல், கட்சிகள் போட்ட கணக்கை ஏற்றுக்கொள்ளும் மரபு உறுதியாக இருக்கும் இடத்தில் இம்முறை குறையின்றி இயங்குகிறது.

அந்த மரபு தளர்ந்த இடத்தில் அதே விதி வேறு முகம் காட்டுகிறது. கோவாவில் 2017 மார்ச்சில் 40 இடங்களில் காங்கிரஸ் 17-உம் பாரதிய ஜனதா 13-உம் வென்றன. தேர்தலுக்குப் பின் சிறு கட்சிகளின் ஆதரவைக் காட்டிய பாரதிய ஜனதாவின் மனோகர் பரிக்கர் அழைக்கப்பட்டார். கர்நாடகத்தில் 2018 மே மாதம் பாரதிய ஜனதா 104 இடங்களுடன் தனிப்பெரும் கட்சியாக வந்தது. காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்து, வாக்கெடுப்பு நடந்த 222 தொகுதிகளில் பாதியைத் தாண்டும் எண்ணிக்கையை ஆளுநரிடம் காட்டின. அங்கே தனிப்பெரும் கட்சியின் எடியூரப்பா அழைக்கப்பட்டார். பெரும்பான்மையை நிரூபிக்க 15 நாட்கள் தரப்பட்டன. உச்ச நீதிமன்றம் தலையிட்டு மே 19 மாலை வாக்கெடுப்பு நடத்த உத்தரவிட்டது. வாக்கெடுப்புக்கு முன்பே அவர் பதவி விலகினார். ஒரே நாட்டில், 14 மாத இடைவெளியில், ஒரே வகையான எண்ணிக்கைக்கு எதிரெதிரான இரண்டு விடைகள் கிடைத்திருக்கின்றன. இரண்டில் எது சரி என்று கட்சிக்காரர்கள் வாதாடலாம். இரண்டும் சரியாக இருக்க முடியாது என்பதை மட்டும் எவரும் மறுக்க முடியாது.

பதவியேற்றவர் உடனே அவையைச் சந்திக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். இந்தியாவில் 1979 ஜூலையில் பிரதமரான சரண் சிங், மக்களவையை ஒரு நாள்கூடச் சந்திக்காமலே ஆகஸ்டில் பதவி விலகினார். மலேசியாவில் 2020 பிப்ரவரி இறுதியில் மாமன்னர் 222 உறுப்பினர்களையும் அரண்மனைக்கு அழைத்து அவர்களின் விருப்பத்தைக் கேட்டறிந்து முகைதீன் யாசினை நியமித்தார். மார்ச் 9 அன்று கூட வேண்டிய நாடாளுமன்றம் மே 18-க்குத் தள்ளிப்போனது; அன்றும் மாமன்னர் உரையோடு அமர்வு முடிந்தது. அந்த அரசின் பலம் எவ்வளவு என்பது ஓரளவு துல்லியமாகத் தெரிய, டிசம்பரில் வரவுசெலவுத் திட்டம் 111-க்கு 108 என்ற வாக்குகளில் நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாமன்னர் மிகுந்த சிரத்தையோடு உறுப்பினர்களை விசாரித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூடிய அறையில் சொல்லப்பட்ட விருப்பம் அவைக் குறிப்பில் பதிவாகாது. சொன்னவரை மறுநாள் அது கட்டுப்படுத்தவும் செய்யாது.

இலங்கையில் 2018 அக்டோபர் 26 அன்று குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்ததும், நவம்பரில் நாடாளுமன்றத்தைக் கலைத்ததும், டிசம்பர் 13 அன்று கலைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததும், நாட்டுத் தலைவரின் "கருத்து" எந்த அளவுக்கு நீட்டப்படலாம் என்பதற்கு இம்முறையின் வரலாற்றில் மறக்கக் கூடாத சான்று. ஏழு வாரங்கள் ஒரு நாட்டில் சட்டப்படியான பிரதமர் யார் என்பதே விவாதப் பொருளாக இருந்தது.

எழுதிவைத்த வரிசை

மனிதரின் மதிப்பீட்டை நம்ப முடியாவிட்டால் விதியை நம்பலாம் என்பது அடுத்த எண்ணம். கிரேக்க அரசியலமைப்பின் 37-ஆவது பிரிவு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு: அதிக இடம் பெற்ற கட்சிக்கு மூன்று நாள், பிறகு இரண்டாவது கட்சிக்கு மூன்று நாள், பிறகு மூன்றாவதற்கு மூன்று நாள். 2012 மே தேர்தலுக்குப் பின் மூன்று கட்சிகளும் முயன்று தோற்றன. ஜூனில் மறுதேர்தல் நடந்தது. முடிவு கிடைக்காவிட்டாலும், யாருக்கு எப்போது வாய்ப்பு என்ற சந்தேகம் எவருக்கும் எழவில்லை.

இந்தியாவில் மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்து 1988-இல் அறிக்கை தந்த சர்க்காரியா ஆணையமும் ஒரு வரிசையைச் சொன்னது: தேர்தலுக்கு முன் அமைந்த கூட்டணி, பிறரின் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி, எல்லாப் பங்காளிகளும் அமைச்சரவையில் சேரும் தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணி, கடைசியாகச் சிலர் அமைச்சரவையிலும் மற்றவர் வெளியிலிருந்து ஆதரவாகவும் நிற்கும் கூட்டணி. இது அறிவுரையாகவே நின்றுவிட்டதால், ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் தமக்கு வசதியான வரியை மேற்கோள் காட்ட முடிகிறது.

வரிசையைச் சட்டமாக்கினாலும் ஒரு குறை நீங்காது. வரிசை யாருக்கு முதல் வாய்ப்பு என்று சொல்லும். யாருக்குப் பெரும்பான்மை என்று சொல்லாது. நேபாள அரசியலமைப்பின் 76-ஆவது பிரிவு மிக விரிவான வரிசையைக் கொண்டது: பெரும்பான்மைக் கட்சியின் தலைவர், அது இல்லையேல் கூட்டணியின் வேட்பாளர், அதுவும் இல்லையேல் தனிப்பெரும் கட்சியின் தலைவர், அவரும் 30 நாட்களுக்குள் நம்பிக்கை வாக்கைப் பெறாவிட்டால் பெறக்கூடியவர் எனக் காட்டும் மற்றோர் உறுப்பினர். 2021 மே மாதம் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்ற கே.பி. சர்மா ஒலி, சில நாட்களிலேயே தனிப்பெரும் கட்சியின் தலைவர் என்ற முறையில் மீண்டும் பிரதமரானார், அவை கலைக்கப்பட்டது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஷேர் பகதூர் தேவுபாவை நியமிக்க உத்தரவிட்ட பிறகு அவர் 165 வாக்குகளுடன் நம்பிக்கையை நிரூபித்தார். படிகளை எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும், ஒவ்வொரு படியிலும் முதலில் நியமனமும் பிறகு வாக்கெடுப்பும் என்ற ஒழுங்கு மாறாத வரையில், நியமிக்கப்பட்டவர் அந்த இடைவெளியைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்துவார்.

அவையே முதலில் தேர்ந்தெடுப்பது

மூன்றாவது வழி இந்த ஒழுங்கைத் திருப்பிவைக்கிறது, அதனால்தான் நான் இதன் பக்கம் நிற்கிறேன். முதலில் வாக்கு, பிறகு பதவியேற்பு. ஆனால் இதைப் பின்பற்றும் நாடுகளுக்குள்ளேயே வேறுபாடுகள் பெரியவை. எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விளைவு அமையும்.

ஜெர்மனியில் பிரதமர் பதவிக்கு (அங்கே அதன் பெயர் சான்சலர்) குடியரசுத் தலைவர் முன்மொழியும் வேட்பாளர் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் வாக்கைப் பெற வேண்டும். தவறினால் 14 நாட்களுக்குள் அவை தானே வேறொருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் இறுதிச் சுற்றில் அதிக வாக்கு பெற்றவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் அல்லது அவையைக் கலைக்கலாம். இந்த ஏற்பாட்டின் வலிமை, வாக்களிப்போரின் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொள்வதில் இருக்கிறது. உறுப்பினரைப் பதவி விலகச் செய்தோ வராமல் தடுத்தோ பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையைக் குறைக்கும் வேலை அங்கே பயன் தராது. 2019 ஜூலையில் கர்நாடகத்தில் ஆளும் தரப்பு உறுப்பினர்கள் பலர் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு அவைக்கு வராமல் இருக்க, குமாரசாமி அரசு 99-க்கு 105 என்று தோற்றதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும்.

ஜெர்மானிய முறையின் குறை ரகசிய வாக்குச்சீட்டு. 2025 மே 6 அன்று 328 உறுப்பினர்களின் ஆதரவு கொண்ட கூட்டணியின் வேட்பாளர் பிரீட்ரிக் மெர்ஸ் முதல் சுற்றில் 310 வாக்குகளையே பெற்றார், தேவைப்பட்டது 316. அதே நாளில் இரண்டாம் சுற்றில் 325 வாக்குகளுடன் வென்றார். விலகி நின்றவர்கள் யார், எதற்காக என்பதை அவர்களுக்கு வாக்களித்த மக்களால் அறிய முடியவில்லை. யார் ஆள வேண்டும் என்பது ஓர் உறுப்பினர் தம் பதவிக் காலத்தில் எடுக்கும் மிக முக்கியமான முடிவு; அதை அவர் பெயரோடு பதிவு செய்வதே முறை.

ஸ்பெயினில் மன்னர் கட்சித் தலைவர்களைக் கலந்து ஒருவரை முன்மொழிகிறார். முதல் வாக்கெடுப்பில் அறுதிப் பெரும்பான்மை வேண்டும், 48 மணி நேரம் கழித்து நடக்கும் இரண்டாவதில் ஆதரவு எதிர்ப்பை விஞ்சினால் போதும். முதல் வாக்கெடுப்பு நடந்து இரண்டு மாதங்களுக்குள் எவரும் தேர்வாகாவிட்டால் மறுதேர்தல். காகிதத்தில் நேர்த்தியான இந்த விதியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை 2016 காட்டியது. 2015 டிசம்பர் 20 தேர்தலுக்குப் பின் மன்னர் கேட்டபோது அப்போதைய பிரதமர் மரியானோ ராகோய் அவையைச் சந்திக்க முன்வரவில்லை. வாக்கெடுப்பு நடக்காததால் இரண்டு மாதக் கெடுவும் தொடங்கவில்லை. மார்ச்சில் எதிர்க்கட்சியின் பெட்ரோ சான்செஸ் நின்று தோற்ற பிறகே நாட்கள் எண்ணப்பட்டன. ஜூனில் மறுதேர்தல் நடந்து, ராகோய் மீண்டும் தேர்வானபோது அக்டோபர் 29 ஆகிவிட்டது. பத்து மாதங்கள் காபந்து அரசு. கெடு என்பது அவை முதலில் கூடும் நாளிலிருந்து தொடங்க வேண்டும். எவரேனும் துணிந்து நிற்கும் நாளிலிருந்து தொடங்கினால் அது தயங்குபவரின் கைக்குப் போய்விடுகிறது.

இந்த இரண்டு குறைகளையும் சேர்த்துத் தவிர்ப்பதால் ஜப்பானிய வடிவம் என்னை மிகவும் கவர்கிறது. பொதுத் தேர்தல் முடிந்து 30 நாட்களுக்குள் நாடாளுமன்றம் கூட வேண்டும். வேறு எந்த அலுவலுக்கும் முன்பாகப் பிரதமரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 67-ஆவது பிரிவு சொல்கிறது. உறுப்பினர்கள் தம் பெயரை எழுதியே வாக்களிக்கிறார்கள். முதல் சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் முதலிரண்டு இடங்களைப் பெற்றவர்களுக்கிடையே உடனே இறுதிச் சுற்று நடக்கிறது. 2024 அக்டோபர் 27 தேர்தலில் ஆளும் கூட்டணி 465-இல் 215 இடங்களோடு பெரும்பான்மையை இழந்தது. நவம்பர் 11 அன்று இறுதிச் சுற்றில் அப்போதைய பிரதமர் ஷிகெரு இஷிபா 221 வாக்குகளும் எதிர்க்கட்சித் தலைவர் யோஷிஹிகோ நோடா 160 வாக்குகளும் பெற்றனர். இருவரையும் ஏற்காத உறுப்பினர்கள் வேறு பெயர்களை எழுதியதால் அந்த வாக்குகள் செல்லாதவையாயின. தேர்தல் முடிந்து பதினைந்தே நாட்களில், நாட்டுத் தலைவர் எவரையும் தேர்வு செய்யாமல், நீதிமன்றம் செல்ல எவருக்கும் காரணம் இல்லாமல் அரசு அமைந்தது.

இருவரை எதிரெதிரே நிறுத்தி அவையையே கேட்பது இந்தியாவுக்கும் முற்றிலும் புதிதல்ல. உத்தரப் பிரதேசத்தில் 1998 பிப்ரவரியில் கல்யாண் சிங்கும் ஜெகதம்பிகா பாலும் முதலமைச்சர் பதவிக்கு உரிமை கொண்டாடியபோது, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி இருவருக்கும் இடையே நடந்த வாக்கெடுப்பில் முன்னவர் 225, பின்னவர் 196 வாக்குகள் பெற்றனர். பிரச்சினை அன்றே தீர்ந்தது. தொங்கு அவை அமைந்தால் மக்களவையே தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும், அவரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிக்கட்டும் என்று நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியலமைப்பு மறுஆய்வு ஆணையமும் 2002-இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை கிடப்பில் இருப்பது வருத்தத்துக்குரியது.

இறுதிச் சுற்றில் வென்றவருக்கு அவையில் பாதிக்கும் குறைவான ஆதரவே இருக்கக்கூடும் என்ற மறுப்பு நியாயமானது. இஷிபாவின் 221 வாக்குகள் அவையின் பாதிக்குக் குறைவானவையே. அத்தகைய அரசு ஒவ்வொரு மசோதாவுக்கும் எதிர்க்கட்சிகளோடு பேசியாக வேண்டும், எந்நேரமும் கவிழலாம். ஆயினும் சிறுபான்மை அரசு என்பது அந்தத் தேர்தல் முடிவின் உண்மையான உருவமாக இருக்குமானால், அதை மறைத்து விலைக்கு வாங்கிய பெரும்பான்மையைக் காட்டுவதைவிட, உள்ளபடியே நாட்டுக்குத் தெரிவது நல்லது.

எதிர்ப்பு இல்லாவிட்டால் போதும் என்ற முறை

சுவீடனில் 1975 முதல் மன்னருக்கு இதில் பங்கில்லை. சபாநாயகர் ஒருவரை முன்மொழிகிறார். 349 உறுப்பினர்களில் 175 பேர் எதிர்த்து வாக்களித்தால் மட்டுமே அவர் நிராகரிக்கப்படுகிறார். நான்கு முறை நிராகரிப்பு நடந்தால் மறுதேர்தல். 2018 செப்டம்பர் தேர்தலுக்குப் பின் இரண்டு முயற்சிகள் தோற்று, 2019 ஜனவரி 18 அன்று ஸ்டீபன் லோவேன் ஆதரவாக 115, எதிராக 153, நடுநிலையாக 77 என்ற கணக்கில் பிரதமரானார். 2021 நவம்பரில் மக்டலீனா ஆண்டர்சன் எதிராக 174 வாக்குகள் விழுந்தும் தேர்வானார். இன்னும் ஒரே ஒரு வாக்கு எதிராக விழுந்திருந்தால் தேர்வாகியிருக்க மாட்டார். அன்றே எதிர்க்கட்சிகளின் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறி, கூட்டணிக் கட்சி விலகியதால் சில மணி நேரத்தில் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று.

கட்சி ஒழுங்கு இறுக்கமாக உள்ள, ஒரு கட்சி தான் விரும்பாத அரசைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அதன்படி நடக்கும் நாட்டுக்கு இம்முறை பொருந்தும். கட்சித் தாவலும் உறுப்பினர்களை விடுதிகளில் அடைத்துவைப்பதும் வழக்கமாகிவிட்ட இடங்களில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓர் உறுப்பினரிடமிருந்து ஆதரவு வாக்கைப் பெறுவதைவிட, அவரை வராமல் இருக்கச் செய்வது எளிது. வராமையே அரசுக்குச் சாதகமாக எண்ணப்படும் முறையில் அந்த எளிய வேலைக்கே பரிசு கிடைக்கிறது.

எழுத வேண்டிய விதி

எனவே ஒரு நாடு இன்று இதைத் தீர்மானிக்க அமர்ந்தால், முதல் சுற்றில் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவைக் கேட்கும் ஜெர்மானிய அளவையும், பெயரோடு வாக்களித்து முதலிருவருக்கிடையே முடிவு காணும் ஜப்பானிய இறுதிச் சுற்றையும் இணைத்து, அவை முதலில் கூடும் நாளிலிருந்து கெடுவை எண்ணுமாறு எழுதிவைக்கலாம். அரசைக் கவிழ்க்க விரும்புவோர் அடுத்த பிரதமரின் பெயரையும் அதே தீர்மானத்தில் சொல்ல வேண்டும் என்ற ஜெர்மனியின் 67-ஆவது பிரிவைச் சேர்த்துக்கொண்டால், 1982 அக்டோபரில் ஹெல்முட் ஷ்மிட்டின் இடத்துக்கு ஹெல்முட் கோல் வந்ததுபோல், மாற்று இல்லாத கவிழ்ப்பைத் தவிர்க்க முடியும்.

இரண்டு சிறிய ஏற்பாடுகளை விட்டுவிட்டால் இவ்வளவும் பலனற்றுப் போகலாம். வாக்கெடுப்பு முடியும்வரை பதவியில் தொடரும் காபந்து அரசு புதிய நியமனங்கள், பெரிய ஒப்பந்தங்கள், அதிகாரிகளின் இடமாற்றங்கள் ஆகியவற்றைச் செய்யக் கூடாது என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும்; வழக்கத்துக்கு விட்டால் தோற்ற அரசுக்கே அந்த நாட்கள் வாய்ப்பாகிவிடும். முதல் அமர்வை நடத்தும் தற்காலிக சபாநாயகர் அவையின் மூத்த உறுப்பினராகவே இருக்க வேண்டும், அவரை எவரும் தேர்ந்தெடுத்து நியமிக்கக் கூடாது. கர்நாடகத்தில் 2018-இல் வாக்கெடுப்புக்கு முந்தைய கடைசி வழக்கு தற்காலிக சபாநாயகரின் நியமனத்தைப் பற்றியதாகவே இருந்தது. அவை நடவடிக்கைகளை நேரலையில் ஒளிபரப்ப வேண்டும் என்ற முடிவோடுதான் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது. அந்த நேரலையையும் விதியிலேயே சேர்த்துவிடலாம்.